மசாலா டீ: எதை, எப்போது போடுவது

வீட்டில் போடும் மசாலா டீ கெடுவது பெரும்பாலும் இரண்டே வழிகளில். ஏலக்காய் மணம் மேலோங்கி டீயின் ருசியே தெரியாமல் போகும். இல்லாவிட்டால் காரமும் கசப்பும் சேர்ந்து தொண்டையைப் பிடிக்கும். உடனே டீத்தூளை மாற்றிப் பார்ப்பார்கள், கடை மசாலாப் பொடியை மாற்றிப் பார்ப்பார்கள். இஞ்சி, ஏலக்காய், தூள், பால், சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பாத்திரத்தில் கொட்டிக் கொதிக்க விடுவதுதான் உண்மையான கோளாறு. இஞ்சிக்கு நல்ல கொதி வேண்டும். ஏலக்காய்க்கு அதே கொதி ஆகாது. தண்ணீரில் சாறு இறங்குகிற வேகத்தில் பாலில் இறங்காது. வரிசை கைக்கு வந்துவிட்டால் சாதாரணத் தூளிலேயே நல்ல மசாலா டீ போடலாம்.

இங்கே சொல்வது குஜராத், மும்பைப் பக்கத்து வீடுகளில் போடும் முறை. ஒரே பாத்திரத்தில் தண்ணீர், மசாலா, தூள், பால் என்று அடுத்தடுத்துச் சேர்த்துக் கொதிக்க விடுவார்கள். நம்மூர் டீக்கடையில் அப்படியில்லை. துணி வடிகட்டியில் இருக்கும் தூளின் மேல் பாய்லர் வெந்நீரை ஊற்றி டிகாஷன் இறக்கி, தனியாகக் காய்ந்துகொண்டிருக்கும் பாலோடு கிளாஸில் கலந்து ஆற்றித் தருவார்கள். அதில் தூளும் பாலும் சேர்ந்து கொதிப்பதே கிடையாது. மசாலா டீக்குரிய கெட்டித்தன்மையும் செங்கல் நிறமும் வருவது இரண்டும் சேர்ந்து கொதிக்கும் அந்த மூன்று நான்கு நிமிடத்தில்தான். ஆகவே டிகாஷன் டீயில் ஒரு சிட்டிகை மசாலாப் பொடியைத் தூவிவிட்டு இதே ருசியை எதிர்பார்க்க முடியாது.

இரண்டு பேருக்கு அளவு

தண்ணீர் 250 மி.லி.
பால் 200 மி.லி.
டீத்தூள் தலை தட்டி 2 டீஸ்பூன், சுமார் 5 கிராம்
சர்க்கரை 3 டீஸ்பூன், சுமார் 12 கிராம்
இஞ்சி 8 கிராம், கட்டை விரலின் மேல் கணு அளவு
ஏலக்காய் 3
மிளகு 3
கிராம்பு 1
பட்டை ஓர் அங்குலத் துண்டு, மெல்லியதாக

மொத்தம் 450 மி.லி. ஊற்றினாலும் கையில் கிடைப்பது 340, 350 மி.லி. தான். கொதியில் எண்பது மி.லி. வரை ஆவியாகிப் போகும், தூள் தன் பங்குக்கு இருபது மி.லி. உறிஞ்சிக்கொள்ளும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் இரண்டு கப் தண்ணீரும் பாலும் அளந்து ஊற்றிவிட்டு, கடைசியில் ஒன்றரைக் கப்தான் இருக்கிறதே என்று பச்சைப் பாலை மேலே ஊற்றுகிறவர்கள் உண்டு. அதோடு டீ போச்சு. குறைந்துவிட்டால் குறைந்ததையே பகிர்ந்து குடிப்பது மேல்.

தண்ணீர், பால் விகிதம் அவரவர் நாக்கைப் பொறுத்தது. கெட்டியாக வேண்டும் என்கிறவர்கள் தண்ணீர் 180, பால் 270 என்று மாற்றிக்கொள்ளலாம். அப்போது தூளை இன்னொரு அரை டீஸ்பூன் கூட்ட வேண்டும். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் டீயின் துவர்ப்புப் பொருள்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை மழுங்கடிக்கும். பால் கூடக் கூட டீ சப்பென்று ஆவது அதனால்தான். தண்ணீரே சேர்க்காமல் முழுப் பாலில் போடுவது பெருமைக்கு ஆகும், ருசிக்கு ஆகாது. முதல் கட்டத்தில் இஞ்சியும் தூளும் இறங்குவதற்குக் கொஞ்சமாவது தண்ணீர் வேண்டும்.

போடும் முறை

அடி கனமான, குறைந்தது ஒரு லிட்டர் பிடிக்கிற எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். 450 மி.லி. க்கு எதற்கு இவ்வளவு பெரியது என்றால், பால் பொங்கி மேலே வர இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் தீயைக் குறைத்தே வைத்திருப்பீர்கள், கொதி சேராது. இரும்புப் பாத்திரம் கூடாது. டீயின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கறுத்துவிடும்.

மிளகு, கிராம்பு, பட்டை மூன்றையும் சிறு உரலில் ஒன்றிரண்டாக உடைத்துப் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். பொடியாக்க வேண்டாம்; மிளகு ஒவ்வொன்றும் மூன்று நான்காக உடைந்தால் போதும். தண்ணீர் சூடாகும்போதே இவை மெதுவாக இறங்கத் தொடங்கும். கொதி வந்ததும் இஞ்சி. தோலைச் சீவ வேண்டியதில்லை, மண் போகக் கழுவினால் போதும். அதே உரலில் நசுக்கி, உரலில் தங்கிய சாற்றையும் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டு அலசிச் சேர்த்துவிடுங்கள். நடுத்தரத் தீயில் நான்கு நிமிடம் கொதிக்கட்டும். தண்ணீர் வெளிர் மஞ்சளாகி, மேலே குனிந்தால் இஞ்சி மூக்கில் ஏற வேண்டும்.

பிறகு தூளும் சர்க்கரையும். குருணைத் தூள் என்றால் இரண்டு நிமிடம், டஸ்ட் தூள் என்றால் ஒரு நிமிடம் போதும். இந்தக் கட்டத்தில்தான் டீயின் பலம் முழுவதும் இறங்குகிறது. தண்ணீர் கறுஞ்சிவப்பாக மாறி, ஓரத்தில் சிவந்த நுரை கட்டும். அதற்கு முன்பே பாலை ஊற்றினால் பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அந்தப் பலம் வராது.

பால் ஏற்கெனவே காய்ச்சியதாக இருக்கட்டும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே ஊற்றினாலும் குற்றமில்லை. மறுபடி கொதி வர ஒரு நிமிடம் கூடுதலாக ஆகும், அவ்வளவே. பாலை ஊற்றியதும் தீயைக் கூட்டுங்கள். பொங்கி விளிம்பை நெருங்கும்போது தீயைத் தாழ்த்தி, நுரை அடங்கியதும் மறுபடி ஏற்றுங்கள். இப்படி மூன்று முறை. முதல் பொங்கலில் நிறம் வெளிறிய பழுப்பாக இருக்கும், பால் தனியாக, டீ தனியாக நிற்பது போலத் தெரியும். இரண்டாவதில் நிறம் இறுகும். மூன்றாவதில் மேலே வரும் நுரையே செங்கல் நிறத்தில் வரும், கரண்டியில் எடுத்து ஊற்றினால் தண்ணீர் போல் சிதறாமல் ஒரே இழையாக விழும். பாலை ஊற்றியதிலிருந்து இதற்கு மூன்று முதல் நான்கு நிமிடம் ஆகும். கடிகாரத்தைவிட நுரையின் நிறத்தை நம்புங்கள்.

மூன்றாவது பொங்கலுக்குச் சற்று முன்னால் ஏலக்காயைத் தோலோடு தட்டிப் போடுங்கள். பொங்கி வந்ததும் அடுப்பை அணைத்து, தட்டால் மூடி ஒரு நிமிடம் விடுங்கள். மூடி வைக்கும் இந்த நிமிடத்தை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். ஏலக்காய் மணம் டீயில் தங்குவது இந்த நிமிடத்தில்தான். மூடாவிட்டால் சமையலறை மணக்கும், கிளாஸ் மணக்காது.

வடிகட்டி, இரண்டு மூன்று முறை உயரத்திலிருந்து ஆற்றிக் கொடுங்கள். வடிகட்டியில் தங்கிய சக்கையைக் கரண்டியால் அழுத்திப் பிழியாதீர்கள். கடைசிச் சொட்டில் வருவது கசப்பும் வண்டலும்தான்.

தூள்

மசாலா டீக்கு சி.டி.சி. தூள்தான். இலையை நசுக்கி, கிழித்து, உருட்டுவது (ஆங்கிலத்தில் கிரஷ், டியர், கர்ல்) என்பதன் சுருக்கம் இது; அதற்கான இயந்திரத்தை வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் 1930 வாக்கில் அஸ்ஸாமின் அம்குரி தோட்டத்தில் உருவாக்கினார். இலையின் செல்கள் முழுக்கச் சிதைவதால் நிறமும் துவர்ப்பும் மிக வேகமாக இறங்கும், பாலுக்கு ஈடுகொடுக்கும், விலையும் குறைவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் தேயிலைச் சங்கத்தார் இந்தியர்களுக்கு டீ குடிக்கக் கற்றுக்கொடுக்கப் பிரசாரம் செய்தபோது, தெருவோர வியாபாரிகள் பாலையும் சர்க்கரையையும் மசாலாவையும் கூட்டித் தூளைக் குறைத்துக்கொண்டார்கள். அது தேயிலை விற்கிறவர்களுக்குப் பிடிக்கவில்லை. பிற்பாடு மலிவாகக் கிடைத்த சி.டி.சி. தூள்தான் இந்த டீயை நாடு முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அஸ்ஸாம் தூளில் நிறமும் கனமும் அதிகம். நீலகிரித் தூளில் மணம் நன்றாக இருக்கும், கனம் கொஞ்சம் குறைவு. இரண்டு பங்கு அஸ்ஸாம், ஒரு பங்கு நீலகிரி என்று கலந்து வைத்துக்கொண்டால் மசாலாவுக்கு அடியில் டீ அழுந்திப் போகாது. தமிழ்நாட்டில் அதிகம் விற்பது டஸ்ட். டிகாஷனுக்கு அது நல்லது. ஒரே பாத்திரத்தில் கொதிக்க வைக்கும் இந்த முறைக்குக் குருணைத் தூள் இன்னும் தோதானது. டஸ்டை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் கசந்துவிடும், வடிகட்டியிலும் தப்பி வந்துவிடும். டஸ்ட் மட்டும்தான் இருக்கிறது என்றால் அளவை ஒன்றரை டீஸ்பூனாகக் குறைத்து, பாலோடு கொதிக்கும் நேரத்தையும் இரண்டரை நிமிடத்தில் நிறுத்துங்கள். டார்ஜிலிங் போன்ற முழு இலைத் தேயிலையை இதில் போடுவது அந்த இலைக்குச் செய்யும் அநியாயம். அதன் மென்மையான மணம் இஞ்சிக்கும் கிராம்புக்கும் முன்னால் நிற்காது.

சில்லறையில் வாங்கும் தூளில் சாயம் கலந்திருக்கிறதா என்று பார்க்க, வடிதாளைப் பரப்பி ஒரு சிட்டிகைத் தூளைத் தூவிச் சில சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். தூளை எடுத்துவிட்டுத் தாளைக் குழாயில் அலசி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல தூள் கறை விடாது. சாயத் தூள் திட்டுத் திட்டாகக் கறை விட்டிருக்கும்.

தூள் டப்பாவைப் பெருங்காயம், மசாலாப் பொடிகள் இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள், அடுப்புக்கு மேலே இருக்கும் தட்டிலும் வேண்டாம். தேயிலை அக்கம்பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும். சாம்பார்ப் பொடி மணக்கும் டீ எப்படி வந்தது என்று தேடினால் பெரும்பாலும் விடை அலமாரியில் இருக்கும்.

இஞ்சி

மசாலா டீயில் பால் திரிவதற்கு இஞ்சிதான் முதல் சந்தேகம், அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட. பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது, பெயர் ஜிஞ்சிபெயின். சீனாவின் குவாங்டொங் பகுதியில் சூடான பாலை இஞ்சிச் சாற்றில் ஊற்றி, அது தயிர்போல் உறைந்ததும் இனிப்பாகச் சாப்பிடுகிறார்கள். அங்கே உறைய வைப்பது இதே நொதிதான். கொதிக்கும் தண்ணீரில் இந்த நொதி செயலிழந்துவிடும். அதனால்தான் இஞ்சி முதலில் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வேண்டும், பால் பிறகு. பால் கொதித்துக்கொண்டிருக்கும்போது, காரம் போதவில்லையே என்று பச்சை இஞ்சியைத் துருவிப் போடுவதுதான் ஆபத்து.

நசுக்குவதா, துருவுவதா? துருவினால் சாறு அதிகம் வரும், காரமும் ஏறும், ஆனால் டீ கலங்கலாக இருக்கும், நார் வடிகட்டியை அடைக்கும். நசுக்கினால் மணம் முன்னால் வரும், காரம் பின்னால் நிற்கும். தினசரி டீக்கு நசுக்கியது நல்லது. சளி பிடித்த நாளுக்குத் துருவியது. சந்தைக்குப் புதிதாக வரும் இளம் இஞ்சியில் மணம் இருக்கும், காரம் குறைவு. அதை 12 கிராம் வரை போடலாம். நார் ஏறிய முற்றிய இஞ்சிக்கு 6 கிராமே போதும். எட்டு கிராம் என்று மேலே சொன்னது இரண்டுக்கும் நடுவில்.

இஞ்சிக்குப் பதில் சுக்குப் போடுவதானால் கால் டீஸ்பூன் பொடிக்கு மேல் வேண்டாம். காயும்போது இஞ்சியின் காரப்பொருள் ஷோகோல் என்ற இன்னும் உறைப்பான பொருளாக மாறுகிறது. அளவைப் பார்க்காமல் போட்டால் நெஞ்செரியும்.

ஏலக்காயும் மற்றவையும்

இடுக்கி மலையில் விளையும் ஏலக்காய் போடிநாயக்கனூர் சந்தைக்கு வருகிறது. பச்சை நிறத்தையும் பருமனையும் பார்த்து விலை ஏறும். டீக்கு அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை. சிறிய காயாக இருந்தாலும் உள்ளே விதை கறுப்பாக, ஒன்றோடொன்று ஒட்டிப் பிசுபிசுப்பாக இருந்தால் அது நல்ல ஏலக்காய். தோல் பளபளவென்று பச்சையாக இருந்து, உள்ளே விதை வெளிறி உலர்ந்து உதிர்ந்தால் பழையது. இதன் மணம் சீக்கிரம் ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. பத்து நிமிடம் கொதித்தால் மணம் போய்விடும், பின்னால் நிற்கும் ஒரு மருந்து வாடைதான் மிஞ்சும். ஏலக்காயில் ஒன்றை இஞ்சியோடும் இரண்டைக் கடைசியிலும் போடுகிறவர்கள் உண்டு; முதலில் போட்டது சுவைக்கு, பின்னால் போட்டது மணத்துக்கு. நல்ல வழக்கம்தான். ஆனால் மூன்றையும் முதலிலேயே போடுவது வீண்.

கிராம்பு விஷயத்தில் கை இறுக்கம் வேண்டும். இரண்டு கப்புக்கு ஒன்று. பல் வைத்தியத்துக்குப் பயன்படும் யூஜினால் எண்ணெய்தான் கிராம்பின் மணம். இரண்டாகப் போட்டாலே நாக்கு லேசாக மரத்து, டீயின் ருசி பின்வாங்கிவிடும். எண்ணெய் எடுத்த சக்கைக் கிராம்பையும் விற்கிறார்கள். தண்ணீரில் போட்டால் நல்ல கிராம்பு அடியில் தங்கும், சக்கை மிதக்கும். மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தாலும் இதே சோதனைதான்: மிதப்பது பப்பாளி.

பட்டை என்று மளிகைக் கடையில் கொடுப்பது பெரும்பாலும் காசியா. தடிப்பாக, உடைக்கக் கடினமாக இருக்கும், காரம் தூக்கலாக அடிக்கும். இலங்கைப் பட்டை காகிதம் காகிதமாகப் பல சுருளாக இருக்கும், கையாலேயே நொறுக்கலாம், இனிப்பு மணம். டீக்கு இதுதான் இசைவு. காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம், தினமும் கூடுதலாகப் போனால் ஈரலுக்கு நல்லதல்ல. ஆகவே காசியாதான் இருக்கிறது என்றால் பாதித் துண்டு போடுங்கள். எதுவானாலும் பட்டையைப் பொடியாகப் போடாதீர்கள். பட்டைப் பொடி தண்ணீரில் வழவழப்பாகும், டீயும் கொழகொழவென்று ஆகும்.

சோம்பு அரை டீஸ்பூன் தட்டிப் போட்டால் இயல்பான இனிப்பு வரும், சர்க்கரையை அரை டீஸ்பூன் குறைக்கலாம். சோம்பு போடும் நாளில் கிராம்பும் மிளகும் வேண்டாம், ஒன்றோடொன்று முட்டும். ஜாதிக்காய் நாலு தேய்ப்பு, அதற்கு மேல் போனால் டீ கசக்கும். அன்னாசிப்பூ பிரியாணியை நினைவூட்டுகிறது. இந்த டீக்கு அது வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

மும்பைக் காய்கறிக் கடைகளில் எலுமிச்சம்புல்லையும் புதினாவையும் டீக்கென்றே கட்டாக விற்கிறார்கள். மழைக்காலத்தில் இந்த இரண்டும் இஞ்சியும் மட்டும் போட்ட டீ, முழு மசாலா டீயைவிடப் பல வீடுகளில் விருப்பமானது. ஐந்தாறு அங்குலப் புல்லைக் கத்தரித்து இஞ்சியோடு கொதிக்க விடுங்கள். எலுமிச்சை வாசனை அடிக்கிறதே, பால் திரியுமோ என்று பயப்பட வேண்டாம். அதில் இருப்பது வாசனைப் பொருள்தான், புளிப்பு இல்லை. புதினா நாலு இலை, கடைசியில், ஏலக்காய்க்குப் பதிலாக. புதினாவையும் ஏலக்காயையும் சேர்த்துப் போட்டால் இரண்டும் தெரியாது.

பொடி செய்து வைக்க

தினமும் இடிக்க நேரமில்லாதவர்களுக்கு: சுக்கு 12 கிராம், ஏலக்காய் 12 கிராம், மிளகு 8 கிராம், பட்டை 4 கிராம், கிராம்பு 2 கிராம். சுக்கை முதலில் உரலில் நன்றாக நொறுக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மிக்ஸி பிளேடு திணறும். வறுக்க வேண்டாம். ஒரு மணி நேரம் வெயிலில் வைத்தாலோ, சூடான வாணலியை அடுப்பிலிருந்து இறக்கி அதில் இரண்டு நிமிடம் புரட்டினாலோ ஈரம் போகும், அது போதும். மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓடினால் ஜார் சூடாகி ஏலக்காய் மணம் அங்கேயே பறந்துவிடும். மாவுச் சல்லடையில் சலித்து, ஆறியதும் சிறிய பாட்டிலில் இறுக மூடி வையுங்கள்.

இரண்டு கப்புக்குக் கால் டீஸ்பூன், அதாவது அரை கிராம். பொடியைப் பாலோடு சேர்த்துப் போட வேண்டும். மேலே சொன்ன அளவு, தினமும் இரண்டு வேளை இரண்டு பேருக்கு என்றால் ஒரு மாதத்துக்குச் சற்று மேல் வரும். அதற்கு மேல் செய்து வைக்காதீர்கள். மூன்றாவது மாதம் அந்தப் பொடியில் காரம் மட்டும்தான் இருக்கும். பொடி போட்டாலும் கடைசியில் ஒரே ஒரு ஏலக்காயைத் தட்டிப் போட்டால் டீ புதிதாக இருக்கும். நசுக்கிய இஞ்சி சேர்ப்பதாக இருந்தால் பொடியைப் பாதியாக்குங்கள்.

பால், வெல்லம், திரிதல்

பாக்கெட்டில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். 3 சதவீதப் பாலில் மசாலா முன்னால் வரும், டீ இலகுவாக இருக்கும். 6 சதவீதத்தில் மசாலா அடங்கிப் பால் வழிநடத்தும். இந்த அளவுகளுக்கு 4.5 சதவீதப் பால் சரியாக இருக்கும். 6 சதவீதப் பால் என்றால் 170 மி.லி. ஊற்றி, தண்ணீரை 30 மி.லி. கூட்டுங்கள்.

டீ திரிந்துவிட்டால் மூன்று இடங்களில் பாருங்கள். முதலில் பால்: காலையில் வாங்கி வெளியே இருந்த பால், முகர்ந்தால் தெரியாத அளவுக்குப் புளித்திருக்கும், கொதியில்தான் காட்டிக்கொடுக்கும். சந்தேகம் இருந்தால் இரண்டு ஸ்பூன் பாலைத் தனியாகக் கொதிக்கவைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். இரண்டாவது, சரியாகக் கொதிக்காத இஞ்சி. மூன்றாவது வெல்லம். வெல்லத்தில் சர்க்கரையில் இல்லாத அமிலமும் உப்புகளும் இருக்கின்றன. கொதிக்கும் பாலில் போட்டால் திரியும் வாய்ப்பு அதிகம். வெல்லமோ கருப்பட்டியோ போடுவதானால் அடுப்பை அணைத்து, பொங்கல் அடங்கி ஒரு நிமிடம் கழித்து, பொடித்ததைப் போட்டுக் கலக்குங்கள். மறுபடி அடுப்பில் வைக்கக் கூடாது. கருப்பட்டியின் மணமே தனி ஆள் மாதிரி நிற்கும், அதற்கு இஞ்சியும் மிளகும் போதும், பட்டையும் ஏலக்காயும் தேவையில்லை.

அடிப்பிடிப்பதைத் தடுக்க, பாலைச் சேர்த்த பிறகு கரண்டியை அடிவரை விட்டுக் கிளறுங்கள். ஒருமுறை அடிப்பிடித்தால் அந்த வாடையை எந்த மசாலாவும் மறைக்காது. சுரண்டாமல் மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

நிறம் மங்கலாக, மேலே எண்ணெய்ப் படலம் போல மின்னினால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். போர்த் தண்ணீரின் சுண்ணாம்புச் சத்து டீயின் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து படலம் கட்டும், நிறமும் ருசியும் மந்தமாகும். சென்னை போன்ற ஊர்களில் தூளைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள், ஒரு நாள் குடிக்கிற தண்ணீரில் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

டீ கசந்தால் தூள் அதிகம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் தூளின் அளவு சரியாக இருக்கும், கொதித்த நேரம்தான் கூடியிருக்கும், அல்லது கிராம்பு. அடுத்த முறை ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒன்றாகக் குறைத்தால் எது காரணம் என்று தெரியாமலே போகும்.

சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். கீரை, பயறு போன்றவற்றில் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதை டீ தடுக்கும். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுவது முக்கியம்.

பத்துப் பேருக்கு

எல்லாவற்றையும் ஐந்தால் பெருக்கினால் டீ கெட்டுவிடும். பெரிய பாத்திரத்தில் ஆவியாவது விகிதத்தில் குறைவு, கொதி வர நேரமும் அதிகம், அதனால் தூளும் மசாலாவும் கூடுதலாக ஊறும். தண்ணீர் 1 லிட்டர், பால் 1 லிட்டர், தூள் 25 கிராமுக்குள், சர்க்கரை 60 கிராம், இஞ்சி 30 கிராம், ஏலக்காய் 12, மிளகு 10, கிராம்பு 3, பட்டை மூன்று துண்டு. பாலைத் தனி அடுப்பில் சுடவைத்துச் சூடாகவே ஊற்றுங்கள். குளிர்ந்த ஒரு லிட்டரை ஊற்றினால் கொதி திரும்புவதற்குள் தூள் பத்து நிமிடம் ஊறிக் கசந்துவிடும்.

பிளாஸ்கில் வைப்பதானால் வடிகட்டியபின், வெந்நீர் ஊற்றி அலசிய பிளாஸ்கில். ஒரு மணி நேரம் வரை ருசி நிற்கும். அதற்கு மேல் ஏலக்காய் போய், காய்ந்த பாலின் வாடை வந்துவிடும். மீந்ததை ஒரு தடவை சுடவைக்கலாம், பொங்க விடாமல், ஒரு துண்டு இஞ்சியை இரண்டு ஸ்பூன் தண்ணீரில் தனியாகக் கொதிக்கவைத்துச் சேர்த்தால் உயிர் வரும். இரண்டாவது தடவை சுடவைத்த டீயைக் கொட்டிவிடுங்கள்.

வடிகட்டியின் வலை நாளடைவில் பால் படிந்து அடைத்துக்கொள்ளும், வடிய நேரமாகும், பழைய வாடையும் சேரும். வாரம் ஒருமுறை கொதிநீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடாவைப் போட்டு, வடிகட்டியைக் கால் மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் பின்பக்கமிருந்து தேயுங்கள்.